சாக்லேட் போட்ட கோழிக்குழம்பு

இன்சென்டிவ் பணம் வந்த ஞாயிறு.
எண்ணி மூவாயிரத்து நானூறு.
"இதுல ஒத்த ரூவா மிச்சம் வெக்கக்கூடாது அம்மிணி"
என்றார் சென்னியப்பன்.
சீட்டுக்காரி காதில் விழுந்துவிடாமல்
மெதுவாகத்தான் சொன்னார்.

ரேஸ்கோர்ஸில் விடிந்ததும்
கார்களை மறித்துவிட்டு
ரோட்டை ஆட்டத்துக்குத் திறந்திருந்தார்கள்.
பம்பரம், கயிறிழுப்பு, யாரோ ஒரு பையனின் டிரம்ஸ்.
பத்து வருஷமாய்
லேத் மிஷின் முன்னால் அசையாமல் நின்ற மனுஷன்
ஊர் நடுவே ஆடினார்,
இடுப்பு ஒரு பக்கமும் செருப்பு ஒரு பக்கமுமாக.
தெரியாதவள்போல் தள்ளி நின்று
மூன்று வீடியோ எடுத்தேன்.

உக்கடம் குளத்துக்கு மேலே
கம்பியில் ஓடும் சைக்கிள்.
பாதிக் கம்பியில் அவருக்குப் பயம் வந்துவிட்டது.
"பெடலை மிதிங்க!" என்று
கரையிலிருந்து நானும்
முன்பின் தெரியாத ஒரு குடும்பமும் கத்தினோம்.
கீழே நீர்க்காகம் ஒன்று
முங்கி எழுந்து முங்கியது,
டிக்கெட் இல்லாமல்.

பொருட்காட்சியில் ஆறு பலூன் சுட்டேன்.
பரிசு ஒரு சோப்புப் பெட்டி.
முறம் அகல அப்பளத்தை
ஆளுக்கொரு பக்கம் கடித்துக்கொண்டே போய்
நாடகத்துக்கு உட்கார்ந்தோம்.
கொன்றவள் யார் என்று தெரியப்போகும் நேரம்
கரண்டு போனது.
மிச்சத்தைச் செல்போன் வெளிச்சத்தில் நடித்தார்கள்.
அவள் முகத்தில் சரியாக விழட்டும் என்று
நானும் கையை உயர்த்திப் பிடித்தேன்.
அவள் மாட்டியதில்
எனக்கும் கொஞ்சம் பங்குண்டு.

கணபதிக்குத் திரும்பும்போது எட்டரை.
கையில் முக்கால் கிலோ கோழி.
பீரோவில் அந்தக் காகிதம்.

மோட்டார் டெஸ்ட் ரிப்போர்ட்டின் பின்பக்கம்
ரொட்ரிகோ எழுதித் தந்தது.
மெக்சிகோவுக்குப் போகிற பம்புகளை
ஒவ்வொன்றாய் ஓடவிட்டுப் பார்க்க
மூன்று வாரம் வந்திருந்த இன்ஜினியர்.
கேண்டீனில் பள்ளிபாளையம் சிக்கனைத் தின்று
கண்ணும் மூக்கும் ஒழுக,
"இது எங்க ஊர் மிளகாய்,
உங்க ஊருக்குப் பிழைக்க வந்தது" என்று
பாதி பேச்சிலும் பாதி கையிலும் சொன்னார்.
அன்றைக்குச் சிரித்தேன்.
இப்போது மேடையில் பரப்பிப் பார்த்தால்
மிளகாய், தக்காளி, மக்காச்சோளம்:
ஒறம்பரையாய் வந்து
ரேஷன் கார்டில் பேர் சேர்த்துக்கொண்டதுகள்.

வரமிளகாய் கருகாமல் வறுபட்டு
எள்ளும் நிலக்கடலையும் பொரிகிற வாசத்துக்கு
ஜன்னலில் ரெஜினா.
"என்னக்கா, சட்னியா?"
"மெக்சிகோ."
"ஓ, பல்லடத்துக்கு அக்கட்ட."

அவள் கிண்டலும் ஒரு வகையில் சரி.
பல்லடத்துக் கோழிகளுக்குக் கொட்டுகிற சோளத்தைத்தான்
மாவாக்கி ரொட்டி தட்டினோம்.
தட்டினால் பிளந்தது.
எடுத்தால் உடைந்தது.
இரண்டு பால் கவருக்கு நடுவே உருண்டையை வைத்துத்
தட்டை மேலே போட்டு
உடம்பையே சாய்த்து அழுத்தினார் சென்னியப்பன்.
ஒன்பதாவது
வட்டமாக வந்தது.

கடைசியில் சாக்லேட்,
கசப்புச் சாக்லேட் இரண்டு துண்டு.
கொதிக்கிற கோழிக்குழம்பில் போட
கை வரவே இல்லை.
"போடு அம்மிணி.
பம்பு ஓடுச்சல்ல, இதும் ஓடும்."

போட்டேன்.
செம்மண் நிறம் கரிசல் நிறமானது.
விடாமல் கிளறு, அடிபிடிக்கும் என்று
அடிக்கோடு போட்டு எழுதியிருந்ததால்
விடாமல் கிளறினேன்.
நாக்கில் முதலில் எள், பிறகு காரம்.
அந்த நாடகத்துக்காரிபோல்
கடைசியில்தான் முகம் காட்டியது இனிப்பு.

ரெஜினாவுக்கு ஒரு கிண்ணம் போக,
பத்தே முக்காலுக்குத் தரையில் உட்கார்ந்து
கோழி தின்கிற சோளத்தில்
கோழியைச் சுருட்டித் தின்றோம்.
அங்கே இந்நேரம் பகல்.
ஏதோ ஒரு காட்டில்
நான் பாஸ் போட்ட எண்பத்தேழாம் நம்பர்
தண்ணீர் எடுத்துக்கொண்டிருக்கலாம்.
அதில் லேசாய் ஒரு அதிர்வு இருந்தது.
கழற்றிப் பூட்டி
இரண்டாம் தரம் ஓடவிட்டுத்தான் அனுப்பினேன்.

சட்டியை வழித்தபடி சொன்னார்:
"நல்லாத்தான் இருக்குது.
அடுத்த தடவ கொஞ்சம்
தேங்காப் பல்லு கீறிப் போட்டுப்புடலாம்."

பையில் நாற்பது ரூபாய் மிச்சமிருந்ததை
நான் சொல்லவில்லை.